பிரெஞ்சுக் குடும்பப் பெயர் இருந்தால் பிரெஞ்சு மூதாதையர் இருந்ததாகப் பொருளா? காரைக்கால் குடும்பம் ஒன்றின் வேர்தேடல்

அரசலாறு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தாய்வழிக் குடும்பம் காரைக்கால் பகுதியைச் சேர்ந்தது. என் பாட்டனார் சைகோனில் பிரெஞ்சு அரசின் சுங்கத் துறையில் பணிபுரிந்து, ஓய்வு பெற்றபின் ஊர் திரும்பியவர். அவருடைய குடும்பப் பெயர் முழுக்க முழுக்கப் பிரெஞ்சுப் பெயர். உறவினர் பலர் இன்றும் அதே பெயரோடு பிரான்சில் வாழ்வதால் அதை இங்கே எழுதாமல் விடுகிறேன். அந்தப் பெயரை வைத்தே, நம் முன்னோரில் ஒருவர் வெள்ளைக்காரத் துரை என்ற பேச்சு எங்கள் வீட்டில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அவர் கப்பலில் வந்து இறங்கிய கதையைக்கூட என் அம்மாவின் அத்தை விரிவாகச் சொல்வார்.

என் கையில் இருக்கும் எழுத்துச் சான்று, 1924இல் சைகோனில் நடந்த பாட்டனாரின் திருமணப் பதிவின் நகல் மட்டுமே. அதன்படி அவர் 1896இல் 'கிராந்த் ஆல்தே' என்ற ஊரில் பிறந்திருக்கிறார். காரைக்கால் வட்டாரத்தில் இப்படி ஓர் ஊரை நான் கேள்விப்பட்டதே இல்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் மணமகனுடைய தந்தையின் உடன்பிறந்தவர் என்று தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அவருடைய குடும்பப் பெயர் வேறு. பாட்டனாரின் தாயாருக்கோ மூன்றாவதாக இன்னொரு பிரெஞ்சுப் பெயர் இருக்கிறது. அண்ணன் தம்பிக்கு வெவ்வேறு குடும்பப் பெயர் எப்படி அமையும்?

பிரான்சின் ஆவணக் காப்பகத் தளத்தில் 1850 முதல் 1880 வரையிலான காரைக்கால் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தேன். எங்கள் குடும்பப் பெயர் ஓரிடத்தில்கூடத் தென்படவில்லை. அந்தத் துரையை எங்கே தேடுவது, எப்படித் தேடுவது என்று அறிந்தவர்கள் வழிகாட்டினால் பெரிதும் கடமைப்பட்டிருப்பேன்.

சுண்ணாம்பாறு எழுதியது:

அரசலாறு அவர்களுக்கு வணக்கம். முதலில் ஊரைப் பார்த்துவிடலாம். 'கிராந்த் ஆல்தே' என்பது திருமலைராயன்பட்டினம். 1880இல் பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன்கள் எனப்படும் உள்ளாட்சிப் பிரிவுகள் அமைக்கப்பட்டபோது காரைக்கால் வட்டாரத்தில் காரைக்கால், கிராந்த் ஆல்தே, நெடுங்காடு ஆகியவை தனித்தனிக் கொம்யூன்களாயின. புதுச்சேரிப் பக்கத்தில் 'உல்கரே' என்றிருந்தால் உழவர்கரை, 'வில்னூர்' என்றிருந்தால் வில்லியனூர், 'பாவூர்' என்று ஒலித்தால் பாகூர். பதிவேடுகள் கொம்யூன் வாரியாகக் கட்டப்பட்டிருப்பதால், காரைக்கால் என்ற தலைப்பின் கீழ் மட்டும் தேடியிருந்தால் உங்கள் பாட்டனாரின் பிறப்புப் பதிவு கண்ணில் பட்டிருக்காது.

அடுத்தது பெயர். 1880க்கு முந்தைய பதிவேடுகளில் உங்கள் குடும்பப் பெயர் இல்லாததற்குக் காரணம், பெரும்பாலும் அப்போது அந்தப் பெயரே உங்கள் குடும்பத்துக்கு இல்லை என்பதுதான். நீங்கள் சொல்லும் விவரங்கள் எல்லாம் ரெனோன்சான் குடும்பத்துக்குரிய அடையாளங்கள். தம் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவரையே ரெனோன்சான் என்பார்கள். பிரெஞ்சு குடிமைச் சட்டத் தொகுப்பு 1819இலேயே புதுச்சேரியில் நடைமுறைக்கு வந்தாலும், திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் இந்தியர்கள் அவரவர் மாமூல்படி, அதாவது பழைய வழக்கப்படி, நடந்துகொள்ளலாம் என்று விடப்பட்டது. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணைதான் அந்த மாமூல் நிலையைத் துறக்க வழி செய்தது. விரும்பியவர் உரிய அதிகாரி முன் சென்று, தம் சாதி, சமய வழக்கப்படியான தனிச்சட்டத்தைத் துறப்பதாக அறிவிக்க வேண்டும். அன்றிலிருந்து அவர் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்கு உட்பட்டவர் ஆவார். பிரெஞ்சுச் சட்டத்துக்குத் தலைமுறைதோறும் மாறாத குடும்பப் பெயர் ஒன்று தேவை. நம்மிடையே அப்படி ஒன்று கிடையாது. தந்தை பெயரும் தன் பெயருமே வழக்கம், சிலருக்குச் சாதிப் பட்டம் கூட வரும். எனவே துறப்பவர் தமக்கும் தம் வழியினருக்கும் இனி விளங்கப்போகும் பெயரை அந்த ஆவணத்திலேயே சொல்ல வேண்டும் என்று ஆணை விதித்தது. உங்கள் குடும்பப் பெயர் பிறந்த நாள் அதுவாகவே இருக்க வேண்டும்.

எந்தப் பெயரை எடுப்பது என்பது அவரவர் விருப்பம். சிலர் தந்தையின் தமிழ்ப் பெயரையே குடும்பப் பெயராக நிலைநிறுத்தினார்கள். சிலர் புனிதர் பெயரை எடுத்தார்கள். பலர் பிரெஞ்சுப் பெயரையோ சொல்லையோ தேர்ந்தார்கள். இந்தத் துறப்பு இயக்கத்தின் தலைவரான வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளையே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1873இல் ஐரோப்பியரைப் போலக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்கு வந்ததற்காக அவர் தடுக்கப்பட்டார். வழக்கைப் பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்று வென்றார். பின்னர் ரெனோன்சான் ஆனபோது அவர் எடுத்துக்கொண்ட பெயர் லபோர்த்; வாசல் என்று பொருள். ஒடுக்கப்பட்ட சாதியாரும் கிறிஸ்தவர்களும் பெருவாரியாக இந்த வழியில் நுழைந்தார்கள். சாதியைச் சொல்லும் பட்டம் ஒழிந்து, சட்டத்தின் முன் எல்லாரோடும் ஒன்றாக நிற்க ஒரு பெயர் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு எவ்வளவு பெரிதாக இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். கற்பனைத் துரையைவிட, அன்று அலுவலகத்தில் நின்று தன் பெயரைத் தானே சொன்ன அந்த மனிதர்தான் உங்கள் குடும்பத்தின் பெருமைக்குரியவர் என்பது என் உறுதியான கருத்து.

அண்ணன் தம்பிப் பெயர் வேறுபடுவதற்கும் விடை அந்த ஆணையிலேயே இருக்கிறது. ஒருவரின் துறப்பு அவரையும், அவர் மனைவியையும், வயது வராத பிள்ளைகளையும் மட்டுமே கட்டும். வயது வந்த மகன்களும் உடன்பிறந்தவர்களும் தனித்தனியே சென்று துறக்க வேண்டும். தனித்தனியே பெயர் சொல்ல வேண்டும். ஒருவர் 1882இலும் மற்றவர் சில ஆண்டுகள் கழித்தும் சென்றிருந்தால், இருவரும் வெவ்வேறு பெயர்களோடு திரும்பியிருக்க வாய்ப்புண்டு. துறக்காமலே இருந்த மூன்றாவது சகோதரர் ஒருவர் இருந்தால், அவருடைய வழியினர் இன்றுவரை தமிழ்ப் பெயரிலேயே இருப்பார்கள். மறுபுறம், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு குடும்பங்கள் ஒரே பிரெஞ்சுப் பெயரை எடுத்ததும் உண்டு. ஆகவே பெயர் ஒன்றாக இருப்பதை உறவுக்குச் சான்றாகவோ, வேறாக இருப்பதை உறவின்மைக்குச் சான்றாகவோ கொள்ளாதீர்கள்.

இனித் தேடும் முறை. 1896ஆம் ஆண்டுக் கிராந்த் ஆல்தே பிறப்புப் பதிவேட்டின் இறுதியில் அகரவரிசைப் பட்டியல் இருக்கும். அதிலிருந்து பாட்டனாரின் பதிவுக்குச் செல்லுங்கள். தந்தையின் வயதும் தொழிலும் அதில் இருக்கும். அங்கிருந்து 1881 வரை பின்னோக்கி வந்து தந்தையின் துறப்பு ஆவணத்தைத் தேட வேண்டும். துறப்பு அறிவிப்புகள் குடியேற்றத்தின் அரசிதழிலும் வெளிவந்தன என்பதால், பதிவேடு சிதைந்திருந்தாலும் இரண்டாவது வாய்ப்பு ஒன்று உண்டு. பழைய தமிழ்ப் பெயரும் தந்தை பெயரும் அந்த ஆவணத்தில் கிடைத்துவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் தேட வேண்டியது தமிழ்ப் பெயரைத்தான்.

அங்கே எழுத்துமுறை குறுக்கே நிற்கும். பிரெஞ்சு எழுத்தர்கள் தங்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். நம் ழகரத்துக்கு அவர்கள் ஜகரத்துக்குரிய எழுத்தைப் போட்டார்கள்; ஆகவே பழனி என்ற பெயர், ஆங்கில வழக்கில் படிக்கும் நமக்குப் பஜனி என்று தோன்றும்; ஏழுமலை, எஜுமலே ஆகிவிடும். பிள்ளை என்பது புல்லே என்று இருக்கும். அக்காலப் புதுச்சேரி அரசியலில் செல்வாக்கோடு விளங்கிய சண்முகம் அவர்களின் பெயரே பிரெஞ்சு ஏடுகளில் சானெமுகம் என்றுதான் காணப்படுகிறது. ஒரே மனிதரின் பெயர் பிறப்புப் பதிவில் ஒரு விதமாகவும் இறப்புப் பதிவில் வேறு விதமாகவும் இருக்கும். எழுத்தைப் பார்க்காமல், வாய்விட்டுப் படித்து ஒலியைப் பிடியுங்கள்.

கப்ஸ் கோயில் வாசகர் எழுதியது:

சுண்ணாம்பாறு அவர்கள் எழுதியது முழுவதும் சரி. ஆயினும் ஐரோப்பிய மூதாதையர் என்ற வாய்ப்பை ஆராயாமலே மூடிவிட வேண்டாம் என்பதற்காகச் சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

புதுச்சேரியில் ஐரோப்பியர் வழியினரின் பதிவுகள் வேறு வரிசையில் இருக்கின்றன. பிரெஞ்சுக் காலத்தின் தொடக்கத்தில் வெள்ளையருக்கும் தொப்பாஸ் எனப்பட்ட கலப்பினத்தவருக்கும் கப்புச்சின் துறவிகளும், தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இயேசு சபையாரும் குருக்களாக இருந்தார்கள். கப்ஸ் கோயில் என்று இன்றும் நாம் சொல்லும் தூய தேவதைகளின் அன்னை ஆலயத்தின் பெயரில் அந்தக் கப்புச்சின்கள்தாம் இருக்கிறார்கள். 1676 முதலான அந்த ஞானஸ்நான, திருமண, இறப்புப் பதிவுகளின் சுருக்கத்தை, பின்னாளில் ஆளுநராக இருந்த அல்ஃபிரெட் மர்த்தினோ அச்சில் கொண்டுவந்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் உண்மையாகவே ஒரு பிரெஞ்சுக்காரர் உங்கள் குடும்பத்தில் இருந்திருந்தால், அவர் பெயர் அங்கேதான் தலைகாட்ட வேண்டும். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை இடித்துத் தரைமட்டமாக்கியதை அறிவீர்கள். அதற்குப் பிறகு, 1776 ஜூன் அரசாணையின்படி, குடியேற்றங்களின் பதிவுகளில் ஒரு படி பிரான்சுக்கு அனுப்பப்பட வேண்டும் என்று ஆனது. அந்தத் தொகுப்பு இன்று ஏக்ஸ் ஆன் புரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளுக்கான தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நீங்கள் இணையத்தில் பார்த்ததும் அதன் படிகளைத்தான்.

கலப்புக் குடும்பங்களில் பெயர்கள் எப்படி வரும் என்பதற்கு, ஆளுநர் தூப்ளெக்ஸின் மனைவி ழான் அல்பேர் பற்றிய பதிவுகளைப் பார்க்கலாம். அவர் 1706இல் புதுச்சேரியில் பிறந்தவர். தந்தை பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர், பிரெஞ்சுக்காரர். தாய் எலிசபெத் ரோசா தெ கஸ்த்ரோ, போர்த்துகீசிய, இந்தியக் கலப்பு வழியில் வந்தவர். பிரெஞ்சு, போர்த்துகீசியப் பெயர்கள் இப்படி ஒரே பதிவில் அருகருகே வருவதும், ஞானத்தந்தை, ஞானத்தாய் பெயர்களும் ஐரோப்பியப் பெயர்களாகவே இருப்பதும் அந்தச் சமூகத்தின் அடையாளம். உங்கள் பாட்டனாரின் பாட்டனார் பதிவில் சாட்சிகள் எல்லாரும் தமிழ்ப் பெயர் உடையவர்களாக இருந்தால், அத்தை சொன்ன கப்பல் கதைக்கு இடம் குறைவு.

தொப்பாஸ் குடும்பங்களின் போர்த்துகீசியப் பெயரும் எப்போதும் இரத்த உறவைக் காட்டிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். மதம் மாறியபோது ஞானத்தந்தையின் பெயரை ஏற்றவர்களும் அக்காலத்தில் இருந்தார்கள்.

சேந்தெனித் தமிழர் எழுதியது:

நான் இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சு ரெயூனியன் தீவில் வசிக்கிறேன். இங்கே நடந்தது புதுச்சேரியில் நடந்ததற்கு நேர்மாறானது என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். உங்கள் குடும்பக் கிளை ஏதேனும் தீவுகளுக்குப் போயிருந்தால் பயன்படும்.

1848இல் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்குக் காரைக்கால், புதுச்சேரித் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஏற்றப்பட்டார்கள். கரீபியன் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்புக்கு முதல் கப்பல் 1854 டிசம்பரில் போய்ச் சேர்ந்தது. ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதை ஆங்கில அரசு 1882இல் நிறுத்தியது. வந்தவரின் ஒற்றைத் தமிழ்ப் பெயரே அவர் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக உறைந்துபோயிற்று. ஆகையால் இங்கே இராமசாமி, முத்துசாமி, வீராபிள்ளை என்பவை குடும்பப் பெயர்கள். அதற்கு முன் வரும் சொந்தப் பெயர் கத்தோலிக்கப் புனிதருடையதாக இருக்கும். குவாதலூப்பில் இந்திய வழியினரின் குடியுரிமைக்காக நெடுங்காலம் போராடிய ஹென்றி சிதம்பரம் பெயரிலும் இதே அமைப்பைக் காணலாம்.

புதுச்சேரியில் தமிழ் உடலுக்குப் பிரெஞ்சுப் பெயர் வந்தது. இங்கே பிரெஞ்சு மட்டுமே பேசத் தெரிந்தவர்களிடம் தமிழ்ப் பெயர் தங்கிவிட்டது. இரண்டிலும், குடும்பப் பெயர் தோன்றிய அந்த ஒரு தலைமுறையைக் கண்டுபிடிப்பதுதான் ஆய்வின் கடினமான பகுதி. இங்கே அதற்குக் கப்பல் பட்டியலும், ஒவ்வொரு தொழிலாளருக்கும் தரப்பட்ட பதிவு எண்ணும் கைகொடுக்கின்றன. அந்த எண்ணைக் கண்டால் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயருடைய பலரைப் பிரித்தறிய வேறு வழி அரிது.

அரசலாறு எழுதியது:

உங்கள் மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கிராந்த் ஆல்தே 1896 பதிவேட்டில் பாட்டனாரின் பிறப்புப் பதிவு கிடைத்துவிட்டது. தந்தைக்கு முப்பத்தாறு வயது, எழுத்தர் வேலை, ரெனோன்சான் என்று எழுதப்பட்டிருக்கிறது. பதிவின் கீழே அவருடைய கையெழுத்து இருக்கிறது. குடும்பப் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் நிறுத்தி, நிதானமாக எழுதி, அதனடியில் தமிழில் 'சவரிமுத்து' என்று சேர்த்திருக்கிறார். அம்மாவிடம் காட்டினேன். அந்தப் பெயரை அவர் கேட்டதே இல்லை.

எஞ்சியிருப்பது பாட்டனாரின் தாயார். அவருடைய குடும்பப் பெயர் 1896 பதிவிலும் 1924 பதிவிலும் ஒரே மாதிரியாக, கணவர் பெயரிலிருந்து வேறுபட்டே இருக்கிறது. கணவரின் துறப்பு மனைவியையும் கட்டும் என்றால் அவருக்கும் கணவரின் பெயர்தானே வந்திருக்க வேண்டும்? மணமுறிவோ மறுமணமோ நடந்திருக்குமோ என்ற ஐயம் எழுகிறது.

சுண்ணாம்பாறு எழுதியது:

அந்தக் கையெழுத்தைப் பற்றிப் படித்ததும் மிகவும் மகிழ்ந்தேன். அது உள்ள பக்கத்தை முழுமையாகப் படியெடுத்து, கொம்யூன், ஆண்டு, பதிவு எண் மூன்றையும் அதன்மேலேயே எழுதி வையுங்கள்.

தாயாரைப் பற்றிய ஐயம் வேண்டாம். பிரெஞ்சுச் சட்டப்படி பெண்ணின் பெயர் திருமணத்தால் மாறுவதில்லை. பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எவரும் தாங்கக் கூடாது என்ற 1794ஆம் ஆண்டுப் புரட்சிக்காலச் சட்டம் இன்றும் அடிப்படையாக இருக்கிறது. ஊரார் கணவர் பெயரால் மதாம் என்று அழைப்பது சமூக வழக்கம். பதிவேடுகளில் அவர் இறக்கும்வரை தந்தை வீட்டுப் பெயரோடுதான் இருப்பார். மேலே நண்பர் குறிப்பிட்ட தூப்ளெக்ஸின் மனைவியும் திருமணப் பதிவில் ழான் அல்பேர் என்றே குறிக்கப்பட வேண்டியவர். உங்கள் குடும்பத்துப் பெண்களை எல்லாம் கணவர் பெயரில் தேடியிருந்தால், அந்தத் தேடலை மீண்டும் செய்வது நல்லது.

இந்தப் பெயரால் உங்களுக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. அந்த அம்மையாருக்குத் திருமணத்துக்கு முன்பே பிரெஞ்சுக் குடும்பப் பெயர் இருந்திருந்தால், அவருடைய தந்தையும் துறப்பு ஆவணம் கொடுத்தவர் என்றும், அப்போது மகள் வயது வராதவராக இருந்தார் என்றும் கொள்ளலாம். அந்தப் பெயரில் 1881க்கும் 1896க்கும் இடையே தேடினால் இரண்டாவது துறப்பு ஆவணமும், அதன் வழியாக இன்னொரு தமிழ்ப் பெயரும் கிடைக்கும். இவர்களின் திருமணம் துறப்புக்குப் பின் நடந்திருந்தால் மணப்பதிவில் இருவரின் பெற்றோர் பெயர், பிறந்த ஊர், வயது எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்; முதலில் அதைத் தேடுங்கள்.

வீட்டிலும் பாருங்கள். 'லிவ்ரே தெ ஃபாமி' எனப்படும் குடும்பப் பதிவுப் புத்தகமும், ஓய்வூதியத் தாள்களும், நொத்தேர் எனப்படும் பத்திரப் பதிவு அலுவலர் எழுதிய சொத்துப் பத்திரங்களும் பல குடும்பங்களில் பழைய தகரப் பெட்டிகளுக்குள் கிடக்கின்றன. சவரிமுத்து அவர்களுடைய ஞானஸ்நானம் 1860ஐ ஒட்டி நடந்திருக்கும் என்பதால், திருமலைராயன்பட்டினம் எந்தப் பங்கைச் சேர்ந்திருந்தது என்று விசாரித்து, அங்கே பழைய ஏடுகள் இருக்கின்றனவா என்று பங்குத் தந்தையிடம் எழுத்து மூலம் கேளுங்கள். 1962 ஆகஸ்டு 16இல் இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையோடு தொடர்ந்த உறவினரின் பதிவுகளுக்கு நாந்த் நகரில் உள்ள மையக் குடிமைப் பதிவகத்தை அணுக வேண்டும். எழுபத்தைந்து ஆண்டுகளைக் கடந்த பிறப்பு, திருமணப் பதிவுகளை எவரும் கேட்கலாம். அதற்குட்பட்டவற்றின் முழு நகலை நேர்வழி உறவினரே கேட்டுப் பெற முடியும் என்பதால், அங்கே உங்கள் அம்மாவின் பெயரில் விண்ணப்பியுங்கள்.